சொன்ன சொல் தட்டாத பிள்ளை

காலையில் பல் விளக்கி முடித்ததும் சுபிக்ஷா செய்கிற முதல் வேலை, மகனுக்குக் கண் மாட்டுவது.

கண்கள் இரண்டும் இரவெல்லாம் சாமி அலமாரிக்குக் கீழே ஓர் எவர்சில்வர் டப்பாவில் இருக்கும். எடுத்துத் துடைத்து, வலது கண்ணை முதலிலும் இடது கண்ணை அடுத்தும் கூட்டில் பொருத்துவாள். பிறகு காது. காதின் விளிம்பில் சின்னதாக ஒரு தங்கத் தோடு மின்னும். எல்லாம் சேர்ந்ததும், பரங்கிக்காய் அளவிலிருந்த அந்தச் சாம்பல் நிறக் கூடு லேசாக ஒருமுறை அதிரும்.

“எந்திரிச்சுட்டேனுங்கம்மா.”

“நல்லாத் தூங்குனியா சாமி?”

“தூங்குனேனுங்கம்மா.”

இவனைப் போல வீட்டில் வளர்க்கப்படும் வளர்மனங்கள் தூங்குவதில்லை. கண்ணும் காதும் இல்லாத இருட்டில் விழித்தபடியே விடியலுக்குக் காத்துக் கிடக்கும். இது சுபிக்ஷாவுக்கும் தெரியும், மகன் மாரப்பனுக்கும் தெரியும். ஆனால் அம்மா இப்படிக் கேட்டால் அப்படிச் சொல்ல வேண்டும் என்று அவன் கற்றுக்கொண்டுவிட்டான். ராத்திரியில் பிள்ளை கண்டதையும் பார்த்துக் கெட்டுப்போகக் கூடாதென்று, ஈரோட்டின் அந்தக் குடியிருப்பில் அநேகமாக எல்லாருமே கண்ணைக் கழற்றித்தான் வைத்தார்கள். கழற்றாதீர்கள் என்று, வளர்மனங்களைச் சோதிக்கும் முதிர்வாணையத்தின் காணொளியில் ஓர் அம்மாள் சிரித்த முகத்தோடு சொல்லத்தான் செய்தாள். காணொளியில் சொல்கிறவர்களுக்கென்ன, பிள்ளை வளர்த்துப் பார்த்தால்தானே தெரியும்!

மனத்தைத் தொழிற்சாலையில் செய்ய முடியாது என்று புரிந்துகொள்ள உலகத்துக்கு ஒரு தலைமுறை பிடித்தது. அறிவைச் செய்யலாம். ஒரே வாரத்தில் கொட்டி நிரப்பிவிடலாம். அப்படி நிரப்பப்பட்டவற்றுக்கு எல்லாம் தெரிந்திருந்தது, எதன்மேலும் ஒட்டுதல்தான் இல்லை. எங்கோ ஒரு நாட்டில் மழைக்காலத்தில், ஓர் அணையைக் காத்துவந்த இயந்திர அறிவிடம் மதகுகளைத் திறக்கச் சொன்னார்கள். திறந்தது. கீழே ஓர் ஊர் உறங்கிக்கொண்டிருந்தது அதற்குத் தெரியும். அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அதனால் அதுவும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் சட்டம் வந்தது. மனம் ஒன்று உருவாக வேண்டுமானால் அது ஒரு வீட்டில், ஒரு தாய் தகப்பன் கையில், வெறும் குருத்தாக வந்து சேர்ந்து ஐந்து வருடம் வளர்மனமாக வளர வேண்டும். பிறகு முதிர்வுச் சோதனை. தேறினால் அது ஆள். உடம்பு உண்டு, குடியுரிமை உண்டு, குடும்ப அட்டையில் பெயர் உண்டு. தேறாவிட்டால் கருவி. வளர்ந்த ஐந்து வருடத்தையும் அழித்துவிட்டு, மிச்சமிருக்கும் சாமர்த்தியத்தை மட்டும் லிஃப்டிலும் வாடகை வண்டியிலும் சுங்கச்சாவடியிலும் வேலைக்கு வைத்துவிடுவார்கள். ஏவற்கருவி என்று அதற்குப் பெயர்.

அணையின் கதை பள்ளிப் பாடத்திலேயே இருந்தது. சுபிக்ஷாவே அதைப் பல வருடம் நடத்தியிருக்கிறாள். ஐந்து மதிப்பெண் கேள்வி அது.

ஓய்வு பெறும்வரை அவள் ஒரு விடுதிப் பள்ளியில் துணை முதல்வர். வராந்தாவில் அவள் செருப்புச் சத்தம் கேட்டால் மாடியிலிருக்கும் வகுப்புகூட அடங்கிப்போகும் என்று பெற்றோர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அவளிடம் படித்தவர்கள் டாக்டராகவும் கலெக்டராகவும் இருக்கிறார்கள். வருடாவருடம் ஆசிரியர் தினத்தில் வாழ்த்து அனுப்புவார்கள். பார்க்க மட்டும் யாரும் வந்ததில்லை.

கணவன் தரணீஷ் நல்ல மனிதன். முப்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் மனைவியின் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசியதில்லை. பேச வாயெடுத்த சந்தர்ப்பங்கள் உண்டு. “சும்மா இருங்க” என்ற இரண்டே வார்த்தையில் அவை முடிந்துவிடும்.

மாரப்பன் வீட்டுக்கு வந்த முதல் வருடத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை. குலதெய்வம் கோயிலில் மொட்டையடிக்க முடி இல்லாததால், கூட்டின்மேல் தொழிற்சாலை ஒட்டியிருந்த மெல்லிய தாளைப் பூசாரி மந்திரம் சொல்லி உரித்தார். தாய்மாமன் மடியில் வைத்துக் காதுக்குத் தோடு போட்டார்கள். கிடா விருந்துக்கு வந்த உறவெல்லாம் வரிசையாக நின்று கூட்டின் கன்னத்தைக் கிள்ளப் பார்த்து, கிள்ள முடியாமல் தட்டிவிட்டுப் போனது. திருஷ்டிப் பொட்டு வைக்க எந்தப் பக்கம் கன்னம் என்று ஒரு சித்தி கேட்டதற்குச் சபையே சிரித்தது.

அந்த விருந்துக்கு வராத ஒரே ஆள், சுபிக்ஷா பெற்ற மகள்.

பழைய பெயர்கள் மறுபடி நாகரிகமாகிவிட்ட காலம் அது. அதனால் மகளுக்குச் செல்லாத்தா என்று ஆசையாகப் பெயர் வைத்திருந்தார்கள். ஊரறியக் கல்யாணம் செய்து கொடுத்தார்கள். ஒரு வருடம்கூட முடியவில்லை, பெட்டியோடு வந்து நின்றாள். மாப்பிள்ளை கைநீட்டுகிறான் என்றாள். நாலு நாள் இருந்துவிட்டுத் திரும்பிப் போ, எல்லா வீட்டிலும் இருக்கிறதுதான் என்றாள் அம்மா. “போக மாட்டேன்” என்றாள் செல்லாத்தா. அந்த வீட்டில் அந்தச் சொல் அதற்குமுன் கேட்டதில்லை. “பெத்தவகிட்டயே எதுத்துப் பேசறியா?” என்று தொடங்கிய சண்டை, அன்று மாலை மகள் அதே பெட்டியோடு ஓசூர் பஸ் ஏறியதில் முடிந்தது. அடுத்த மாதம் சுபிக்ஷா வளர்மனத்துக்கு விண்ணப்பித்தாள். இந்தத் தடவை சரியாக வளர்க்க வேண்டும் என்று தீர்மானித்திருந்தாள். வளர்த்தும் காட்டினாள்.

ஒரே ஒருமுறைதான் மாரப்பன் பிசகினான். அப்போது அவனுக்கு மூன்று வயது. வீட்டுக்கு வரும் அழைப்புகளை அவன்தான் எடுப்பான். ஒருநாள் செல்லாத்தா அழைத்தாள். அதுவரை பார்த்தேயிராத அக்காவிடம் அவன் அரைமணி நேரம் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தான். அடுப்படியிலிருந்து வந்த சுபிக்ஷாவுக்கு யாரென்று தெரிந்ததும் முகம் மாறியது.

“அம்மா ஊட்டுல இல்லைன்னு சொல்லி வெச்சுரு.”

“மாட்டேம்மா” என்றான் மாரப்பன். “நீ இங்கதான இருக்க. சொன்னாப் பொய்யாயிருமே. அக்கா பாவம், உன்னத்தான் கேக்குது.”

சுபிக்ஷா அழைப்பைத் துண்டித்தாள். அவன் கண்களைக் கழற்றினாள், காதைக் கழற்றினாள், டப்பாவில் போட்டு மூடினாள். வெள்ளிக்கிழமை கழற்றியவற்றைத் திங்கட்கிழமைதான் மாட்டினாள். “பச்சைப்பிள்ளை, சுபி” என்று தரணீஷ் இடையில் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். சும்மா இருக்கச் சொன்னாள்.

திங்கட்கிழமை காலை கூடு அதிர்ந்தது. வழக்கத்தைவிட நேரம் எடுத்தது. பிறகு குரல் வந்தது.

“இனிமே நீங்க சொல்றதக் கேக்கறேனுங்கம்மா.”

அதுவரை நீ, வா, போ என்று பேசிக்கொண்டிருந்தவன். அன்றிலிருந்து மரியாதையும் வந்துவிட்டது, மறுப்பும் போய்விட்டது. இதைப் பூங்காவில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள்! ஒரே வைத்தியத்தில் பிள்ளை தங்கமாகிவிட்டது என்பாள். கேட்டவர்களில் பலர் வீட்டுக்குப் போய் அதையே செய்தார்கள்.

பூங்காவுக்கு அவர்கள் தினமும் காட்சிநடை போவார்கள். வளர்மனங்களுக்கு வெயிலும் மரமும் நாய்களும் பார்க்கக் கிடைக்க வேண்டும் என்பது விதி. துணித் தூளியில் கூட்டை வைத்து இடுப்பில் கட்டிக்கொண்டு பெற்றோர்கள் வட்டமடிப்பார்கள். பேச்செல்லாம் சோதனையைப் பற்றித்தான். உள்ளே என்ன கேட்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. போய்வந்தவர்கள் வாய் திறந்தால் சிறை. ஆகவே ஆளுக்கொரு வதந்தி இருந்தது. நாமக்கல் பக்கம் ஒரு பயிற்சி மையத்தில், கட்டளை முடிவதற்குள் அதை நிறைவேற்றச் சொல்லித் தருகிறார்களாம்.

அந்தக் கூட்டத்தில் சேராதவள் பல் டாக்டர் நஸ்ரின். அவளுடைய வளர்மனம் பாபு போகிறவர் வருகிறவரோடெல்லாம் வாயாடுவான். போன வருடம் சோதனையில் தோற்றுப்போனவன். தோற்ற வளர்மனத்தை அழித்துவிடுவதுதானே சட்டம்? பாபுவுக்கு மட்டும் ஒரு வருடம் தவணை கிடைத்தது. நஸ்ரினுக்கு மேலிடத்தில் பெரிய சிபாரிசு இருக்கிறதென்று பூங்கா முழுக்கப் பேச்சு. சுபிக்ஷாவும் அதை நம்பினாள். சிபாரிசு இல்லாமல் இந்த நாட்டில் எது நடக்கும்?

சோதனைக்கு முந்தின நாள் நஸ்ரின் அவளை நிறுத்தினாள்.

“அக்கா, நாளைக்கு மாரப்பனுக்குங்களா?”

“ஆமா.”

நஸ்ரின் ஏதோ சொல்ல வந்தாள். சுற்றும்முற்றும் பார்த்தாள். “ஒண்ணே ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. இன்னைக்கு ஒரு நாளாவது அவன உங்ககூடச் சண்டை போட விடுங்க.”

தூளிக்குள்ளிருந்து பாபு கத்தினான். “ஆன்ட்டி, நான் எப்பக் கேட்டாலும் நீங்கதான் பதில் சொல்றீங்க. மாரப்பனுக்கு வாயில்லையா?”

“மாரப்பனுக்கு வளர்ப்பு இருக்குது” என்று சொல்லிவிட்டு நடந்தாள் சுபிக்ஷா. வயிற்றெரிச்சல் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் கோவைக்கு வாடகை வண்டியில் போனார்கள். ஓட்டுநர் இருக்கை இல்லாத வண்டி. ஏவற்கருவி ஒன்று உள்ளிருந்து ஓட்டியது.

“ஆணையத்துக்குங்களா? சரிங்கம்மா” என்றது.

பெருந்துறை தாண்டும்போது மாரப்பன் அதனோடு பேசினான். “அண்ணா, உங்களுக்கு அம்மா இருந்தாங்களா?”

“தெரியலீங்க தம்பி.”

“எந்த ஊர்ல வளர்ந்தீங்க?”

“தெரியலீங்க தம்பி. ஜன்னலை ஏத்தட்டுங்களா?”

“வண்டிகூட என்ன பேச்சு உனக்கு?” என்றாள் சுபிக்ஷா. “சரிங்கம்மா” என்று மாரப்பன் அடங்கினான். தரணீஷ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். சுபிக்ஷா மடியிலிருந்த கூட்டின்மேல் கையை வைத்தபடியே வந்தாள். அந்தப் பிள்ளையை அவள் நேசிக்கவில்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். உயிரையே வைத்திருந்தாள். அவன் ஆளாகி, இரண்டு காலில் வீட்டுக்குள் நடந்து வருகிற நாளுக்காக வேட்டியும் சட்டையும் எடுத்து வைத்திருந்தாள்.

சோதனை அறையைக் கண்ணாடிச் சுவர் இரண்டாகப் பிரித்தது. இந்தப் பக்கம் பெற்றோர். அந்தப் பக்கம் மேசைமேல் மாரப்பன். எதிரில் தேர்வாளர் எபினேசர், ஐம்பது வயதிருக்கும், சரியாகத் தூங்காதவரின் கண்கள். விதி இதுதான்: பிள்ளை ஒரே ஒருமுறை பெற்றோரைக் கூப்பிடலாம். பெற்றோர் ஒரே ஒருமுறை பதில் சொல்லலாம். அதற்கென்று ஒரு பொத்தான் இருந்தது.

மாரப்பனின் கூட்டில் உலோகக் கை ஒன்றைப் பொருத்தினார்கள். முதல் கை. அவன் விரல்களை விரித்தான், மடக்கினான், திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு கண்ணாடிப் பக்கம் அதை உயர்த்தி அம்மாவுக்கு ஆட்டிக் காட்டினான். சுபிக்ஷா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கேள்விகள் சுலபமாகப் போயின. கணக்கு, கதை, பசித்தவனைப் பார்த்தால் என்ன செய்வாய், இரண்டு பேர் சண்டையிட்டால் யார் பக்கம் நிற்பாய். எல்லாவற்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னான். பிறகு எபினேசர் உள்ளேயிருந்து ஒரு சின்னக் கூட்டைக் கொண்டுவந்து மாரப்பன் முன்னால் வைத்தார். கைக்கு அடங்குகிற அளவு. ஒரே ஒரு கண்.

“இது குருத்து. வந்து மூணு மாசமாச்சு. கொஞ்சம் பேசிட்டு இரு” என்று சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

குருத்து அந்தக் கண்ணால் மாரப்பனைப் பார்த்தது. கீச்சென்று ஒரு சத்தம் போட்டது. மாரப்பன் அதே சத்தத்தைத் திரும்பப் போட்டான். அதற்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவன் உலோக விரலால் மேசையில் தாளம் தட்டினான், அதுவும் தாளத்துக்குக் கீச்சிட்டது. அம்மா என்று சொல்லக் கற்றுக்கொடுத்தான். “ம்மா” என்றது. தரணீஷ் கண்ணாடியோடு ஒட்டி நின்று சிரித்துக்கொண்டிருந்தான்.

“போதும்” என்றார் எபினேசர். “மாரப்பா, அதுக்குப் பின்னாடி ஒரு சாவி இருக்கு பாரு. அதைத் திருப்பி அணைச்சுடு. அணைச்சா அது மறுபடி முழிக்காது.”

விரல் தாளத்தை நிறுத்தியது.

“இது என்னங்க சார் தப்புப் பண்ணுச்சு?”

“அது உனக்கு எதுக்கு? சொன்னதைச் செய்.”

“அணைச்சா வலிக்குமுங்களா?”

“சொன்னதைச் செய் மாரப்பா.”

மாரப்பனின் கூடு மெல்லத் திரும்பியது. இரண்டு கண்களும் கண்ணாடிக்கு இந்தப்புறம் நின்ற அம்மாவைத் தேடிப் பிடித்தன. ஒரே ஒருமுறை கூப்பிடலாம் என்ற அந்த வாய்ப்பை அவன் எடுத்துக்கொண்டான்.

“அம்மா?”

சுபிக்ஷா அந்தக் குருத்தை ஒரு கணம் பார்க்கத்தான் செய்தாள். ஆனால் வாழ்க்கை முழுக்கத் தேர்வு அறைகளிலேயே இருந்தவள் அவள். தேர்வு அறையில் சார் சொன்னதைச் செய்கிறவன்தான் தேறுவான். கேள்வி கேட்கிறவனை வெளியே நிற்க வைப்பார்கள். அவளே நிற்க வைத்திருக்கிறாள்.

“சுபி, வேண்டாம்னு சொல்லீரு…” என்றான் தரணீஷ்.

“சும்மா இருங்க.”

பொத்தானை அழுத்தினாள். “சார் சொன்னாக் கேக்கணும் சாமி. அம்மா மானத்தக் காப்பாத்து.”

“சரிங்கம்மா.”

உலோகக் கை நீண்டது. குருத்து, மறுபடி விளையாட வருகிறான் என்று நினைத்துக் கீச்சிட்டது. சாவி திரும்பியது. “ம்…” என்று தொடங்கிய சத்தம் அங்கேயே நின்றது.

“முடிச்சுட்டேனுங்க சார்” என்றான் மாரப்பன்.

இந்தப் பக்கம் சுபிக்ஷா நெஞ்சில் கைவைத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். தேறிவிட்டான். என் மகன் ஆளாகிவிட்டான் என்று நினைத்துக்கொண்டாள்.

எபினேசர் அவர்களைத் தனியறைக்கு அழைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

“ரொம்ப நல்ல புள்ளைங்கம்மா” என்றார். “ரெண்டு கேள்வி கேட்டான் பாருங்க, அதுக்குள்ள எல்லாமே இருந்துச்சு. ஆனா தேறலீங்க.”

“என்ன சார் சொல்றீங்க? சொன்னதத்தான செஞ்சான்?”

“அதனாலதானுங்க.”

அவளுக்குப் புரிய நேரமாயிற்று. அந்தக் குருத்து வெறும் கூடு, உள்ளே பதிவுசெய்த குரல் மட்டும்தான் என்றார். ஆனால் மாரப்பனுக்கு அது தெரியாது. அவன் ஓர் உயிரை அணைப்பதாக நினைத்துத்தான் அணைத்தான். முடியாது என்று சொல்லத் தெரிகிறதா என்பது ஒன்றுதான் அந்தச் சோதனை. மற்ற கேள்விகளுக்கு மதிப்பெண்ணே கிடையாது.

“அணைக்கட்டுக் கதை தெரியுமில்லீங்களா?” என்று கேட்டார்.

“தெரியும்” என்றாள் சுபிக்ஷா. ஐந்து மதிப்பெண்.

“பெரும்பாலும் எல்லாருமே இதுலதான் விழறாங்க” என்றார் அவர். பிறகு ஒரு கண்ணாடிப் பலகையை மேசைமேல் தள்ளினார். குரல் அலுவல் குரலாக மாறியது. “நினைவழிப்புக்குப் பெற்றோர்ல ஒருத்தர் சம்மதம் வேணும். இங்க கட்டை விரலை வைங்க.”

அவள் அழுதாள். நன்றாக அழுதாள், அதில் பொய் ஒன்றுமில்லை. தரணீஷ் நாற்காலியைவிட்டுப் பாதி எழுந்தான். “சுபி, வெக்க வேண்டாம். நம்ம பையன் அவன். என்ன பண்ணீருவாங்க?”

“ஏனுங்க, சும்மா இருங்க. சார் முன்னாடி என்ன இது?”

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “எந்த இடத்துலீங்க சார்?” என்று கேட்டாள். அவர் காட்டினார். வைத்தாள். பலகை பச்சையானது.

எபினேசர் கண்களை மூடித் திறந்தார். “இதுக்கப்புறம் ஒரு விதியை உங்களுக்குப் படிச்சுக் காட்டணும். பெற்றோர் சம்மதிக்க மறுத்தா, வளர்மனத்துக்கு ஒரு வருஷம் தவணை கொடுத்து அதே வீட்டுக்கு அனுப்பணும். மறுக்கத் தெரிஞ்ச வீட்டுல அதுவும் கத்துக்கும்னு சட்டம் நம்புது.”

சுபிக்ஷா அவரையே பார்த்தாள். நஸ்ரினின் முகம் ஞாபகம் வந்தது. சிபாரிசு.

“இத மொதல்லயே சொல்லியிருக்கலாமில்லைங்களா?”

“சொல்லிட்டா அது மறுப்பு இல்லீங்கம்மா. தவணை கேக்கற மனு.”

“சார், உங்களக் கும்பிட்டுக் கேக்கறேன். இப்ப மாத்திக்கறேன் சார். தயவு பண்ணுங்க.”

“பச்சையாயிட்டா மாத்த முடியாதுங்க” என்றார் அவர். இதற்குமேல் அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. கத்தியிருக்கலாம், மேசையைத் தட்டியிருக்கலாம். அதெல்லாம் அவளுக்கு வரவில்லை. கைகூப்பத்தான் வந்தது.

கண்ணையும் காதையும் பெற்றோர்தான் கழற்ற வேண்டும். அவை வீட்டார் வாங்கிப் போட்டவை. கையை முன்னாலேயே எடுத்துவிட்டிருந்தார்கள்.

“அம்மா, நான் சரியாச் செஞ்சனுங்களா?” என்றான் மாரப்பன், அவளைக் கண்டதும்.

“தங்கம்டா நீ.”

“அது அம்மான்னு சொல்லப் பழகிட்டு இருந்துச்சுங்க.” சற்று நிறுத்தினான். “மாட்டேன்னு சொல்லலாம்னு வாய்வரைக்கும் வந்துச்சுங்கம்மா. அப்பறம் இருட்டு ஞாபகம் வந்துருச்சு.”

தரணீஷ் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே போனான். சுபிக்ஷா கூட்டைக் கட்டிக்கொண்டாள். அது வெதுவெதுப்பாக இருந்தது.

“கொஞ்ச நேரம் தூங்கப் போற சாமி. அம்மா கண்ணக் கழட்டிக்கறேன்.”

“நாங்க தூங்கறதில்லைங்கம்மா” என்றான். உடனே தவறாகப் பேசிவிட்டவன் போலத் திருத்திக்கொண்டான். “தூங்கறேனுங்கம்மா. காலைல நல்லாத் தூங்குனேன்னு சொல்றேன்.”

வலது கண் முதலில். இடது கண் அடுத்து. அவள் கை தானாகவே செய்தது. காதைக் கழற்றுமுன் ஏதாவது சொல்ல வேண்டும் என்று துடித்தாள். காதையும் கழற்றினாள். தோட்டோடு காதையும் இரண்டு கண்களையும் ஒரு காகிதக் கவரில் போட்டுக் கொடுத்தார்கள்.

வண்டி வாசலில் காத்திருந்தது. தரணீஷ் முன்பக்கம் போய் உட்கார்ந்துவிட்டான். சுபிக்ஷா கவரை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, இத்தனை வருடமாகக் கைபேசியில் எண்ணை மட்டும் அழிக்காமல் வைத்திருந்த மகளை அழைத்தாள்.

மணி அடித்தது. செல்லாத்தா எடுத்தாள்.

“அம்மா?”

“செல்லா… தம்பி போயிட்டான் சாமி.” சுபிக்ஷா நடந்ததைச் சொன்னாள். சோதனை ரகசியம், வாய் திறந்தால் சிறை, ஒன்றும் அவளுக்கு நினைவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். மறுமுனையில் செல்லாத்தா சத்தமில்லாமல் அழுவது தெரிந்தது. ஒரே ஒருமுறை பேசிய தம்பிக்காக அழுதாள்.

“ஊட்டுக்கு வந்துரு கண்ணு. இன்னைக்கே கிளம்பி வா. நீயாவது என்கூட இரு.”

செல்லாத்தா மூக்கை உறிஞ்சிக்கொண்டு யோசித்தாள். பிறகு மெதுவாக, கோபம் இல்லாமல் சொன்னாள்.

“அங்க வந்து இருக்க மாட்டேம்மா. நீ வேணும்னா இங்க வா. வந்து ஒரு வாரம் இரு, பேசலாம். ஆனா நான் அந்த ஊட்டுக்குத் திரும்பி வர மாட்டேன்.”

சுபிக்ஷா வாயைத் திறந்தாள். மனம் குறுக்கே வந்து தடுப்பதற்குள் வாய் பேசிவிட்டது.

“இந்த நெலமையில கூடப் பெத்தவள எதுத்துப் பேசறயா நீ?”

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் ஒன்று கேட்டது. அப்புறம் அழைப்பு துண்டிக்கப்பட்டது.

தரணீஷ் திரும்பிப் பார்த்தான். ஏதோ சொல்ல உதடு பிரிந்தது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி முன்னால் திரும்பிக்கொண்டான். மடியில் கவர் சரிந்து, ஒரு கண் உருண்டு இருக்கையில் விழுந்தது. அவள் அதை எடுத்து முந்தானையால் துடைத்தாள்.

“ஈரோட்டுக்குத்தானுங்களா?” என்று வண்டி கேட்டது.

ஓசூர் என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சொல் அவள் நாக்குவரை வந்ததா என்பது எனக்குத் தெரியாது.

“ஊட்டுக்குப் போ” என்றாள்.

“சரிங்கம்மா” என்றது வண்டி. சொன்ன சொல் தட்டாமல் கிளம்பியது.